டோஸ்டரில் மாட்டிய இட்லி

மியூனிக்

அன்புள்ள அம்மாவுக்கு,

உனக்கும் அப்பாவுக்கும் என் நமஸ்காரம். நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா தறியில் உட்காருவதற்கு முன் மாத்திரை போடுகிறாரா?

"நீ வரும்போது நல்ல டோஸ்டரா ஒண்ணு வாங்கிக்கினு வாம்மா" என்று போனில் சொன்னாய். பிரெட் மட்டும் சுடுவதென்றால் எதுவும் சரிதான். ஆனால் நம் வீட்டில் பிரெட்டோடு நிற்காது. போன வாரம் நானே காபி கோப்பையில் காஞ்சிபுரம் இட்லி வேகவைத்து, மிஞ்சியதைத் துண்டு போட்டு டோஸ்டரில் இறக்கினேன். துண்டு தடிமன். மேலே வராமல் மாட்டிக்கொண்டது. நெய் உருகிப் புகைந்து, தீ அலாரம் அடித்து, கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் குளிரில் தெருவில் நின்றோம். பயப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அதனால் வாய் அகலமானதாகப் பார். தூள் விழும் தட்டு அடியில் தனியாகக் கழல வேண்டும். கடைக்கு ஒரு துண்டு இட்லி எடுத்துப்போய் நுழைத்துப் பார். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். தறி இருக்கும் அறையில் மட்டும் வைக்காதே, பட்டில் புகை வாடை ஏறிவிடும்.

ஊருக்கு வரும் என் தோழி தேவகியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அவள் திரும்பும்போது சுக்குப்பொடியும், நீ இட்லி ஊற்றும் டம்ளர் ஒன்றும் கொடு. கோப்பையில் அந்த ருசி வரவில்லை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. டோஸ்டரை அங்கேயே வாங்கிவிடு. பொங்கலுக்கு ஆஸ்பத்திரியில் லீவு தரவில்லை. நாலு துண்டு போடுவது வேண்டாம் அம்மா, உங்கள் இரண்டு பேருக்கு இரண்டு துண்டு போடுவதே போதும்.

கீர்த்தி