உன் முதுகைத் தேடி வருகிறவர்கள்

இன்று காலை தவளக்குப்பத்திலிருந்து ஒரு பெண் தையல் கடைக்கு வந்தாள். மகளுக்கு நிச்சயதார்த்தமாம். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை மேசைமேல் விரித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். "ஜாக்கெட்டுக்கு இதே கழுத்து வைக்கணும்மா. இதே மாதிரி கயிறு, இதே மாதிரி குஞ்சம்" என்றாள். வாங்கிப் பார்த்தேன். நீ.

முகம் இல்லை. வெறும் முதுகு. இடது தோளுக்குக் கீழே அந்த மச்சம், ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்ட பின்னல், உப்பளத்தில் உங்கள் வீட்டு மாடியின் காலை வெயில். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. "எங்கேர்ந்து எடுத்தீங்க இந்தப் படத்த?" என்று நான் கேட்ட தோரணையைப் பார்த்து, அந்தப் பெண் புடவையைத் திரும்ப மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து விசாரித்தேன். மகள் புடவையைப் போட்டோ எடுத்து, படத்தைக் காட்டினால் அதே மாதிரிப் படங்களைத் தேடித் தருமே, நீ கட்டிக்கொண்டு அழுத அந்தத் தளம், அதில் தேடியிருக்கிறாள். உன் முதுகு வந்து நின்றிருக்கிறது. "படத்த அழுத்துனா ஒண்ணும் வரலம்மா, வெள்ளையா நிக்குது. கீழ ஓரமா உங்க கடை பேரும் நெல்லித்தோப்புன்னும் இருந்துச்சு. அதான் நேரா வந்துட்டேன்" என்றாள். யாரோ ஒருத்தி என்றைக்கோ தன் கணக்கில் சேமித்து வைத்த படம். நம் கணக்கில் அது இல்லை. நம் கணக்கில் உன் படம் ஒன்றுகூட இல்லை. சித்திரையிலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள்.

அதைச் சொல்லத்தான் இந்த மடல். யார்மேல் கோபம் என்று கேட்காதே. இன்று மத்தியானம் வரைக்கும் எனக்கு அது தெளிவாகத் தெரிந்திருந்தது.

நீ கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து என் தையல் கடையில் உட்கார்ந்தபோது நான் என்ன சொன்னேன்? ரீல்ஸ் போடலாம், பாட்டு வைத்து, கடையைச் சுற்றிக் காட்டி, நாலு பேர் ஆடினால் கூட்டம் வரும் என்றேன். எதிர்வரிசைக் கடைக்காரி அப்படித்தான் செய்தாள், ஒரே வாரத்தில் அவள் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. நீ ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாய்: "அவ வீடியோவ இன்னிக்குப் பாப்பாங்க, நாளைக்கு மறந்துடுவாங்க. நம்ம படத்த, துணிய கையில வச்சிக்கினு தேடுறவ பாப்பா. அவளுக்குத் தேவை இருக்குடி."

அப்புறம் ஆரம்பித்தது உன் அழும்பு. ஒவ்வொரு ஜாக்கெட்டையும் நெட்டுவாக்கில் படம் எடுக்க வேண்டும். பொம்மைக்குப் போட்டால் கழுத்து எப்படி உட்காரும் என்று தெரியாது, ஆள் போட வேண்டும். எந்த ஆள் என்றேன். "என் மூஞ்சிய யாரு கேட்டா, முதுகுதானே" என்று மாடிக்குப் போய் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டாய். ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் போனது. படத்துக்குக் கீழே எழுதுவதற்கு அதைவிட அதிக நேரம். வாயில் பேசுவது ஜாக்கெட், விரலால் தேடுவது ப்ளவுஸ், அதனால் இரண்டையும் எழுது என்பாய். நிறம், துணி, எந்த விசேஷம் எல்லாம் எழுதுவாய். படத்தைத் தொட்டால் நம் வெப்சைட்டில் அந்த ஜாக்கெட்டின் பக்கம் திறக்க வேண்டும், அங்கே அதை வெட்டும் முறையும் தைக்கும் முறையும் இருக்க வேண்டும். தைக்கத் தெரிந்தவள் பார்த்துத் தைத்துக்கொள்ளட்டும், தெரியாதவள் நமக்கு அனுப்பட்டும் என்பது உன் கணக்கு.

தீபாவளி ஜாக்கெட் படத்தை ஆடியிலேயே போட்டாய். கிறிஸ்துமஸ் படங்கள் ஆவணியில், தை மாதக் கல்யாணப் படங்கள் ஐப்பசியில். "இப்ப யாருடி தேடுவா?" என்று கத்தினேன். "இப்ப போட்டாதான் தேடுறப்ப அங்க இருக்கும். அந்தத் தளத்துக்கு நம்ம படம் இன்னான்னு புரியவே மாசக்கணக்கா ஆவும்" என்றாய். அந்த மழைக்காலம் முழுக்க ஒருத்தியும் வரவில்லை. நான் உன்னைத் திட்டாத திட்டில்லை. உனக்குக் கோபமே வராது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "வரும்டி" என்பாய். அவ்வளவுதான் உன் பதில். அடுத்த படத்துக்கான ஜாக்கெட்டில் கொக்கி வைக்கப் போய்விடுவாய்.

வந்தார்கள். முதலில் யாரோ சேலத்திலிருந்து ஒருத்தி உன் படத்தைத் தன் மகள் கல்யாணத்துக்கென்று சேமித்து வைத்தாள். அவள் வைத்ததை இன்னொருத்தி பார்த்தாள். எதிர்க்கடைக்காரியின் வீடியோக்கள் எங்கே போயின என்று அவளுக்கே தெரியாமல் போன காலத்தில், உன் பழைய படங்கள் ஒவ்வொன்றும் புதிதாக ஆள் கூட்டிவந்தன. பார்சல் பார்சலாகத் துணி, உள்ளே மடித்து வைத்த அளவு ஜாக்கெட். முகம் தெரியாத பெண்கள் போட்டுப் பழகிய அளவு ஜாக்கெட்டை நம்மை நம்பி அனுப்பினார்கள். ஒரு பெண் அவ்வளவு சுலபத்தில் அதைக் கையைவிட்டுத் தரமாட்டாள். நாலு மிஷின் ஓடின. நாலு வீட்டில் அடுப்பு எரிந்தது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிய இடத்தில் சாய்ந்தாய். நெஞ்சுவலி என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கணக்கு, வெப்சைட் எல்லாம் உன் பெயரில்தான். உன் அண்ணன் கைக்குப் போயின. பிரான்சில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி வந்த மனுஷன், எனக்குப் போன் செய்து, "நீ தைக்கிறதப் பாரு, இத ஒரு கம்பெனிகிட்ட குடுத்திருக்கேன், புரொபஷனலா பண்ணுவாங்க" என்றார். சரி என்றேன். எனக்கு அப்போது யோசிக்கத் தெம்பில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் உன் முதுகு ஒன்றுகூட இல்லை. வெப்சைட்டையும் புதிதாகக் கட்டிவிட்டார்கள், பழைய பக்கங்கள் ஒன்றும் திறக்கவில்லை. உன் இடத்தில் கம்ப்யூட்டர் வரைந்த பெண்கள். ஒருத்திக்கும் மச்சமில்லை. ஒரு ஜாக்கெட்டிலும் கொக்கியில்லை. முன்பக்கம் திறப்பில்லை, பின்பக்கம் திறப்பில்லை, கழுத்தோ விரல் நுழையாத அளவு. எப்படிப் போடுவார்கள், ஒட்டித்தான் போட வேண்டும். இதைக் காட்டி இதேபோல் வேண்டும் என்று கேட்ட இரண்டு மூன்று பேரிடம் தைக்க முடியாது என்றேன். படத்தில் இருக்கே என்று சண்டை போட்டுப் போனார்கள். அதன்பிறகு சண்டை போடவும் ஆள் வரவில்லை. இரண்டு மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டோம்.

இன்று அந்தத் தவளக்குப்பத்துப் பெண்ணுக்கு அளவெடுத்து அனுப்பிவிட்டு, ஆட்டோ பிடித்து நேராக உப்பளம் போனேன். போகும் வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன். கம்பெனியில் நம் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பையனை வரச்சொல்லி, அவன் முன்னாலேயே உன் அண்ணனைக் கேட்டுவிடுவது என்று முடிவு. படியேறும்போதே சத்தம் போட்டேன்.

"அந்தப் பையன் எங்கண்ணா? பழைய படம்னா குப்பைன்னு நெனச்சிட்டானா? அதுதாண்ணா மொத்தக் கூட்டத்தையும் கூட்டிக்கினு வந்துச்சு."

"அலோர்..." என்று வழக்கம்போலப் பிரெஞ்சில் ஆரம்பித்தார். அதற்குமேல் பிரெஞ்சும் வரவில்லை, தமிழும் வரவில்லை. நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"அவன் வேணாம்னுதாம்மா சொன்னான்" என்றார். "பழைய படத்துக்குத்தான் வர்றாங்க, கை வைக்காதீங்கன்னான். நாந்தான் அழிக்கச் சொன்னேன்."

"ஏன்?"

"தினம் காலைல எனக்கு ரிப்போர்ட்டு அனுப்புவான். எந்தப் படத்த எத்தினி பேரு பாத்தாங்கன்னு. எல்லாத்துலயும் அவ முதுகு. திரும்புவா திரும்புவான்னு பாத்துக்கினே இருப்பேன். அவ திரும்ப மாட்டேங்கிறா. என்னால முடியல."

மாடிக்கதவு திறந்தே இருந்தது. நீ நின்ற இடத்தில் அவருடைய வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. என் வாயில் இருந்த அத்தனை வசனமும் வீணாகிவிட்டது. ஆனால் கோபம் போகவில்லை, அதை உனக்குச் சொல்ல வேண்டும். பாவம் என்று தோன்றியது, தோன்றியபடியே அவரைத் திட்டினேன். "உங்களால பாக்க முடியலன்னா நீங்க கண்ண மூடிக்கினு இருந்திருக்கணும். ஊரு கண்ண ஏன் மூடுனீங்க?" என்றேன். அவர் உள்ளே போய் உன் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "நீயே வச்சிக்கோ. பாஸ்வேர்டு ஒம்பேருதான்" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அவர் எப்படி என் பெயரை அடித்து அதைத் திறந்தார் என்று தெரியவில்லை.

என் பெயரை வைத்திருந்ததை எனக்குச் சொல்லக்கூடத் தோன்றவில்லை உனக்கு.

அழிந்தது அழிந்ததுதான், திரும்ப வராதாம். கம்பெனிப் பையனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். நல்ல பையனாகத்தான் பேசினான். ஆனால் மற்ற பெண்கள் தங்கள் கணக்கில் சேமித்த படங்களை யாராலும் அழிக்க முடியாதாம். கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ வீடுகளில் நீ முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் நிற்கிறாய். அதைத் தொட்டால் வெள்ளையாக நிற்காமல் இருக்க, பழைய முகவரியிலேயே பக்கங்களைத் திரும்ப வைக்கலாம் என்றும் சொன்னான். லேப்டாப்பில் படங்கள் இல்லை, உன் எழுத்தெல்லாம் அப்படியே இருக்கிறது. சாயங்காலம் கடையில் உட்கார்ந்து முதல் பக்கத்தை ஏற்றினேன். மயில்கழுத்து நிறம், கயிறு, குஞ்சம். அந்தத் தவளக்குப்பத்துப் பெண்ணுக்குப் போன் செய்து அழுத்திப் பார்க்கச் சொன்னேன். "இப்ப வருதும்மா" என்றாள்.

மற்றதெல்லாம் முதலிலிருந்து. கொக்கியில்லாத அந்தப் பெண்களைத் தூக்கிவிட்டேன். நாளைக் காலை நான்தான் வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்கப் போகிறேன், கடையில் வெட்டுகிறவள் படம் எடுப்பாள். என் முதுகு உன் முதுகு மாதிரி இல்லை. ஜாக்கெட்டுக்குக் கீழே இரண்டு மடிப்பு இருக்கிறது. இருக்கட்டும், மடிப்பு உள்ளவளும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு தேடத்தான் செய்வாள். ஆடி பிறந்துவிட்டது, தீபாவளி ஜாக்கெட் போட வேண்டும். இந்த மழைக்காலத்திலும் ஒருத்தியும் வரமாட்டாள், தெரியும். இந்த முறை திட்டுவதற்கு எதிரில் ஆளில்லை. "வரும்டி" என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். என் வாயில் அது திட்டுகிற மாதிரிதான் வருகிறது.

ஒரு படத்துக்கு ஒரு காலைப்பொழுது நின்றவள் நீ. ஐப்பசியிலேயே தை மாதத்துக்குக் காத்திருந்தவள். அவசரப்படாதேடி என்று எத்தனை தடவை என் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பாய். உனக்கு மட்டும் அப்படி என்னடி அவசரம்?