மஞ்சள் பூசிய ரத்தக்குழாய்

என் மக்கா,

இந்தத் தடவையும் தோற்றால் ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று போனில் அழுதாயே, இங்கே வந்து அப்பாகூட ஆட்டுக்கறி வெட்டப் போறியா?

காதுக்குக் கேட்காத சத்தத்தால் ஆட்டு ரத்தக்குழாயைக் கழுவினால் ஆட்டுச் செல்லெல்லாம் கழன்றுவிடும், மிஞ்சுகிற வெள்ளைக் குழாயில் மனுசச் செல்லை வளர்ப்போம் என்றாய். ஆனால் குழாய் சுருங்கி மஞ்சளாகுது, ஏனென்று உன் ஆராய்ச்சி சாருக்கும் புரியவில்லை என்கிறாய். பாவம், மிஷினைத் திட்டாதே ஏட்டி.

அப்பா கறிக்கடையிலிருந்து உனக்கென்று கொண்டுவருகிற குழாயை, பிள்ளைக்கு நாறுமே என்று நான்தான் குடல் கழுவுகிற மாதிரி வெந்நீரும் மஞ்சளும் போட்டுக் கழுவி அனுப்பினேன்.

நாளைக்கு அப்பாவே ஐஸில் வைத்துத் திருவந்தரம் பஸ்ஸில் கொண்டுவருவார். நான் தொடமாட்டேன். நீ கழுவு, வெள்ளையாய் வரும். நாறினால் மூக்கைப் பொத்திக்கோ.

இப்படிக்கு,
உன் ஆராய்ச்சியைக் குழம்பு வைக்கப் பார்த்த அம்மா