ஆதி தாளத்தில் ஒரு ஸ்பானிஷ் பாட்டு

இன்று ஆக்லாந்தின் நியூ லின்னில் காப்பிக் கடை வரிசையில் நிற்கையில் கூரை ஸ்பீக்கரில் நீ பாடினாய். உன் ஸ்பானிஷ் பாட்டுத்தான். காப்பி போட்ட பெண்ணிடம், பாடுவது என் சிநேகிதி என்றேன், பின்னால் நின்றவரிடமும் சொன்னேன். "அம்மா, ப்ளீஸ்" என்று மகள் இழுத்தாள். எனக்கென்ன வெட்கம்.

யாழ்ப்பாணத்தில் ஒரே பாட்டு வகுப்பில் இருந்தோம். நான் ஆக்லாந்து வந்து வேலை, வீட்டு மோர்ட்கேஜ் என்று பாட்டை மூட்டை கட்டினேன். நீயோ மயாமியில் கியூபாக்காரரின் ஜாஸ் குழுவில் சேர்ந்தாய். முதலில் கோரஸ், பிறகு கல்யாண விருந்துகள், கிளப், கடைசியில் உன் பெயரிலேயே இசைத்தட்டு. ஒவ்வொன்றுக்கும் போன் எடுப்பாய்.

"எடி, சேலையோட பாடினனான். ஒருத்தரும் சாப்பிடேல்ல, என்னைத்தான் பார்த்தவை."

"பாட்டையோ, சேலையையோ?" என்பேன்.

ஆனால் நம்மவர் முன்னால் நீ பாடியதே இல்லை. நீ இங்கே வந்தபோது பிளாட் புஷ் மண்டபத்தில் நான்தான் உன் கச்சேரிக்கு ஏற்பாடு செய்தேன். மேடைக்குப் பின்னால் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டாய். "எங்கட சனம் எழும்பிப் போனா, பிறகு நான் ஆருக்குப் பாடி என்னடி?"

சனம் வழக்கம்போலத் தொடையில் தாளம் போடத் தொடங்கியது. உன் ஸ்பானிஷ் பாட்டின் வரிகளோ தட்டு விழுமுன்பே பாய்ந்துவிடும். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மண்டபத்துக்கே கேட்கச் சொன்னார்: "பிள்ளைக்குத் தாளம் பிழைக்குது." இரண்டு பேர் எழும்பினார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

நீ பாட்டை நிறுத்திவிட்டு மேடை விளிம்பில் சம்மணமிட்டு அமர்ந்தாய். "ஐயா, நீங்க ஆதி தாளம் போடுங்கோ. நான் முந்தி ஓடுவன். முதல் தட்டுக்கு வந்து சேருறனோ எண்டு பாருங்கோ."

அவர் போட்டார். மண்டபமே போட்டது. நீ முந்தினாய், பிந்தினாய், எங்கேயோ போனாய், எட்டு எண்ணிக்கையும் முடிந்து தாளம் திரும்பும் இடத்தில் கச்சிதமாக வந்து இறங்கினாய். "சபாஷ்" என்றார் பெரியவர். எழும்பியவர்கள் இருந்துவிட்டார்கள். உன்னோடு வந்த கொங்கா மேளக்காரர் சிரித்தபடி சேர்ந்துகொள்ள, அதே பாட்டை மூன்று தரம் கேட்டு வாங்கினார்கள்.

காரில் ஏறியதும் அழுதாய். "இண்டைக்குத்தானடி நான் பாட்டுக்காரி."

அடுத்த வருடமே நீ கண்ணை மூடிவிட்டாய். வருகிற சனிக்கிழமை உன் நினைவாக அதே மேடையில் அதே பாட்டை நான் பாடப்போகிறேன். சந்தோஷத்தில் சமையலில் உப்புப் போட மறக்கிறேன். ஸ்பானிஷ் இன்னும் வாயில் சரியாக நுழையவில்லை. உன் குரல் எனக்கு வராது. உன் பயம் மட்டும் அப்படியே வந்திருக்கிறது. அதோடுதான் மேடை ஏறப்போகிறேன்.