அளவில் விட்ட இரண்டு அங்குலம்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இருவரும் சுகம், என் முழங்கால் வலிகூட இந்த வாரம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் பத்தாவது நிமிடம் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதற்குள் நாலு முறை குறுக்கே பேசி எனக்குச் சொல்ல வந்ததும் மறந்துபோகும். அதனால்தான் கடிதம். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு அறையில் இருந்த உன் படிப்பு மேசையை இடம் மாற்றிவிட்டேன். தொடமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், தொட்டுவிட்டேன். உடனே கடிதத்தை மடித்து வைத்துவிடாதே, முழுதும் படி.

எங்கள் கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. நீ இன்னும் அவரை டெய்லர் சார் என்றுதான் சொல்கிறாய், ஒன்றாம் வகுப்பிலிருந்து உனக்கு யூனிஃபார்ம் தைத்தவர், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவருக்கும் இல்லை. வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். தன் வீட்டைக் காலிசெய்துவிட்டு வந்தபோது அவர் கொண்டுவந்த பாத்திரப் பெட்டிகள் மூன்றும், நம் வீட்டில் இடமில்லாமல் நான் கட்டிவைத்த பெட்டிகள் நான்கும் இத்தனை நாளும் பிரிக்காமலே கிடந்தன. இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு குழிக்கரண்டி, ஏதோ சத்திரத்தில் தங்கியிருப்பவர்கள் மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன மாதம் ஒருநாள் பெட்டிகளை எல்லாம் பிரித்துக் கடைபரப்பினேன். அவருடைய பெட்டிகளில் பதினொரு கோப்பை, ஒன்றுக்குக்கூடச் சாஸர் கிடையாது. கேட்டதற்கு, தனி ஆளுக்குச் சாஸர் எதுக்கு, கீழ ஊத்தினா நாமளே துடைச்சுக்கப் போறோம் என்கிறார். அன்றே முடிவுசெய்தேன், இடுப்பு உயரத்தில் நீளமாக, நடுவில் இழுப்பறையும் இரண்டு பக்கமும் கதவும் வைத்த ஒரு சைடுபோர்டு வாங்கி இரண்டு வீட்டுப் பாத்திரங்களையும் ஒன்றாக அடுக்கிவிடுவது என்று. புதிதாகக் கடையில் கிடைப்பதெல்லாம் மரத்தூளை ஒட்டிச் செய்தது, ஈரத்துணி பட்டால் ஊதிவிடுகிறது. பழசுதான் வேண்டும் என்று நினைத்தேன்.

பழைய சாமான் கடையை நடத்துவது ஒரு அம்மா, வாய் ஜாஸ்தி. நான் பலகையைத் தட்டிப் பார்த்ததும், என்னம்மா தட்டுறீங்க, தர்பூசணியா இது என்று ஆரம்பித்தார். முதலில் காட்டியது பளபளவென்று பூவேலை செய்து கண்ணாடி பதித்தது, நூறு வருஷத்துப் பொருள் என்று சத்தியம் செய்யாத குறை. நான் மயங்கித்தான் போயிருப்பேன். கூட வந்திருந்த இவர்தான் என் காதருகே வந்து, சட்டை எப்படித் தைச்சிருக்குன்னு தெரியணும்னா உள்பக்கம் திருப்பிப் பாரு என்றார். இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்த்தேன். அடியில் பிளைவுட், போன வருஷத்து ஆணி, பின்பலகையில் பழசாகத் தெரியவேண்டும் என்று தீட்டிய சாயம் என் விரலிலேயே ஒட்டியது. இது நேத்துப் பொறந்த நூறு வயசுங்க என்றேன், கடைக்கார அம்மாவே சிரித்துவிட்டார். மூலையில் இன்னொன்று இருந்தது, யாரும் சீண்டாமல், மேலே பழைய மின்விசிறிகளைச் சுமந்துகொண்டு. தேக்கு, ஒரு பூவேலையும் கிடையாது, மேல்பலகையில் சூடான பாத்திரம் வைத்த வட்டத் தழும்பு, ஒரு கதவுக்குச் சாவி இல்லை. இழுப்பறையைக் கவிழ்த்தால் மூலையில் பல்லும் பல்லும் கோத்த மாதிரி இணைப்பு, ஒன்று போல் ஒன்று இல்லை, கையால் அறுத்தது. பூச்சி அரித்த பொடி எங்கும் இல்லை. மூன்று இழுப்பறைகளில் நடுவில் இருப்பதன் அடிக்கட்டை மட்டும் தேய்ந்திருந்தது. யாரோ ஒருத்தி பல வருஷம் அதைத்தான் திறந்து மூடியிருக்கிறாள் என்று தோன்றியதும் எனக்கு வேறு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. உனக்குத் தெரியும், எந்தப் பொருளையும் யாரிடமாவது கேட்காமல் நான் வாங்கினதில்லை. இதை யாரையும் கேட்கவில்லை. சாப்பாட்டு அறைச் சுவரை இவர் அளந்து எழுதிக் கொடுத்த சீட்டில் அறுபது அங்குலம் என்று இருந்தது, சைடுபோர்டு ஐம்பத்தொன்பதரை. அனுப்பிவையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் நாலு பேர் முக்கி முனகித் தூக்கிவந்து, கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருக்கிற அந்தச் சுவரில் வைத்துப் பார்த்தால் ஒன்றரை அங்குலம் அதிகம். சுவரை மறுபடி அளந்தால் ஐம்பத்தெட்டுதான். என்ன நடந்தது என்று எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று, புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. முப்பது வருஷமாக எந்த அளவை எடுத்தாலும் லூசுக்கு இரண்டு இன்ச் சேர்த்து எழுதித்தான் அவர் கைக்குப் பழக்கம். சுவருக்கும் சேர்த்துவிட்டார். தூக்கிவந்தவர்களில் வயதானவர் விஷயம் தெரிந்ததும், சார், இது சட்டை இல்ல, பிடிச்சுத் தைக்க என்றார். இவர் முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. சட்டைப்பையிலிருந்து துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து மேல்பலகையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வோர் அங்குலம் விட்டுக் கோடு கிழித்தார். தச்சரைக் கூப்பிட்டு ஓரத்தை அறுத்துட்டா உட்கார்ந்துடும் என்றார். எதிர்ச்சுவர்தான் ஆறடி இருக்கே, அங்கே போடலாமே என்றேன், வாய் தவறி. அங்கே உன் மேசை இருந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வேண்டாம், பாப்பாகிட்ட சொல்லியாச்சு, சொன்னது சொன்னதுதான், மரம்தானே, வெட்டிக்கலாம் என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. வந்தவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு நான் அந்த அறையை முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தேன். நீ ஆறாம் வகுப்புக்குப் போனபோது உன் அப்பா வாங்கிப் போட்ட மேசை, நான் சமைத்துக்கொண்டே நீ படிப்பதைப் பார்க்கவேண்டும் என்று அங்கே போட்டார். அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. உன் மேசைக்கு இடம் விட்டுவிட்டுச் சாப்பாட்டு மேசை மூலைக்குப் போய்விட்டது, மூன்றாவது நாற்காலி போட்டால் கதவு திறக்காது. இவருடைய சட்டைகள் இன்னும் கதவுக்குப் பின்னால் கொக்கியில்தான் தொங்குகின்றன. இரண்டு வருஷமாக அளவெடுக்க வந்தவர் மாதிரியே இந்த வீட்டில் நடமாடுகிறார், ஒரு பொருளை இப்படி அப்படி நகர்த்தினதில்லை. கல்யாணத்தன்று மதியமே ரயிலேறிப் போனவள் நீ, அப்புறம் வரவில்லை. ரயிலில் இருந்தே போன் செய்து அந்த மேசையை மட்டும் யாரும் தொடாதீங்க என்றாய், தொடமாட்டோம் என்றேன். அதை நான் வாக்குத் தவறாமை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது வெறும் பயம், சிட்டு. மேசை அங்கே இருக்கும்வரை நீ கோபப்படமாட்டாய், நீ கோபப்படாதவரை எல்லாம் சரியாக இருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நீயும் வரவில்லை, நானும் வா என்று அழுத்திச் சொல்லவில்லை. அந்தப் பயத்துக்காக இன்னொரு மனிதர் தன் தவற்றுக்குத் தண்டனையாக நல்ல தேக்கை அறுக்கச் சாக்கட்டியோடு நிற்கிறார். ஈரத்துணியை எடுத்துவந்து அந்த இரண்டு கோட்டையும் நானே துடைத்தேன்.

மேசை இப்போது உன் அறை ஜன்னலோரம் இருக்கிறது. பகல் முழுக்க வெளிச்சம் வரும். அதன் இழுப்பறையை நான் திறக்கவில்லை. மேலே இருந்தவற்றை, நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூட ஆய்வகத்தில் புட்டிகளை இடம் மாற்றும்போது செய்வது போல எது எங்கே என்று படம் வரைந்துகொண்டு, அதே வரிசையில் திரும்ப வைத்திருக்கிறேன், உடைந்த ஸ்கேல் உட்பட. அவர் தொடவில்லை, நம்பு, தூக்க வந்தவர்களையும் தொட விடவில்லை. நீ தூக்கு, நான் கதவைப் பிடிச்சுக்கிறேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார், பக்கத்து வீட்டு அக்காவும் நானும்தான் தூக்கினோம். சைடுபோர்டு எதிர்ச்சுவரில் பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது. ஏழு பெட்டியும் காலி. சாப்பாட்டு மேசை நடு அறைக்கு வந்திருக்கிறது, சுற்றிலும் நாற்காலி போடலாம். நான் தேர்ந்தெடுத்தது நல்ல பொருள், சரியான இடத்தில் இருக்கிறது. இதை யாரிடமும் கேட்டுக்கொள்ளாமல் சொல்ல எனக்கு இப்போது வருகிறது.

கண் பரிசோதனைக்குப் போகிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்கிறாய், இந்த வாரமே போ, கண்ணாடியைத் தள்ளிப்போடாதே. நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடிந்து, உடம்பும் மனசும் திடமாக நீ நீடூழி வாழவேண்டும், அதுதான் என் ஆசி, அவருடையதும்.

மேசை விஷயத்தில் உனக்குக் கோபம் இருந்தால் அதை எழுதாதே, போனிலும் வேண்டாம், நேரில் வந்து கோபப்படு. பழைய இடத்துக்கே வரவேண்டும் என்று நீ இங்கே நின்று சொன்னால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். ஆனால் அதற்கு முதலில் சைடுபோர்டை நகர்த்தவேண்டும். நேற்று நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தோம், மயிரிழைகூட அசையவில்லை. நடுவில் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

அன்புடன்,
அம்மா