இரும்புக் கைப்பிடியில் கட்டிய கம்பி

லாத்தா,

காலையில் புதுக் கம்பிச் சுருளைப் பிரித்தேன். பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதும் கூடப்பிறக்காத அக்காவான உங்கள்மேல் கோபம்தான் முதலில் வந்தது. ஆன்டெனாவிலிருந்து ரேடியோ செட்டுக்கு ஏணிபோல இறங்கும் இரட்டைக் கம்பி. பக்கத்தில் இரும்பு இருந்தால் அதற்கு ஆகாது. தெருவிலேயே சொந்த ரேடியோவில் பேச ஹாம் லைசென்ஸ் வாங்கியவர்கள் நாம் இரண்டே பேர், உங்களுக்குத் தெரியாதா? ஆனாலும் "காத்துல ஆடுது புள்ள, பார்க்க நல்லாவா இருக்கு?" என்று அந்த வருஷம் கம்பியை உங்கள் மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியோடு இழுத்துக் கட்டிவிட்டீர்கள்.

புயலடித்த காலையில் குரும்பகரத்திலிருந்து என் மருமகன் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து நின்றார்.

"உங்க பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு அத்தை. ரோடு பூரா மரம். எந்தப் போனும் போகல."

உங்கள் வீட்டுக்கு ஓடிவந்து, கார் பேட்டரியில் செட்டைப் போட்டேன். கலெக்டர் ஆபீசில் நம் ஹாம் நண்பர் ஒருவர் செட்டோடு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன், கூப்பிட்டேன், பதிலே இல்லை. சிக்னல் வெளியே போகாமல் செட்டுக்கே திரும்புவதைக் காட்டும் மீட்டர் முள் எகிறி நின்றது. ஜன்னலுக்கு வெளியே, நனைந்த கம்பி கைப்பிடியோடு ஒட்டிக் கிடந்தது.

"உங்க அழகுல இடி விழ! எம்புள்ள அங்க துடிக்குது!" என்று கத்தினேன்.

"அப்புறமா திட்டு. கத்தியை எடு."

மழையில் படியேறிக் கட்டுகளை அறுத்தீர்கள். காற்று கம்பியை மறுபடி இரும்பிலேயே கொண்டுபோய்ச் சாத்தியது. ஒரு பிளாஸ்டிக் குழாயால் அதைத் தள்ளிப் பிடித்தபடி படியிலேயே நின்றீர்கள். முள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. மரம் அறுக்கும் ஆட்களோடு வண்டி கிளம்பிவிட்டது.

மைக்கை வைத்துவிட்டு மருமகனோடு ஓட எழுந்தேன். ஜன்னல் வழியாக உங்கள் குரல்.

"எங்கடி எந்திரிக்கிற? வாசல்ல நிக்கிறவங்களைப் பாரு."

வாசல் நிறைய ஆட்கள். ஒருவரின் அப்பாவுக்கு ஆக்சிஜன் தீரப்போகிறது. இன்னொருவர் பிள்ளை காரைக்கால்மேட்டில் கரை சேர்ந்தானா என்று தெரியவில்லை. மருமகனை மட்டும் அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் லாத்தா, அப்போது உங்களை வெறுத்தேன். பெற்ற வயிறு பற்றி எரியும்போது ஊர்ச் சேதியெல்லாம் நான்தான் சொல்ல வேண்டுமா என்று பல்லைக் கடித்தேன்.

கடைசிச் சேதியும் போன பிறகு கலெக்டர் ஆபீஸ் நண்பரே கூப்பிட்டார். "குரும்பகரத்துப் பொண்ணு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாச்சும்மா. ஆம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

நீங்கள் படியில் நிற்க, நானும் ஓடியிருந்தால் அதைக் கேட்க செட்டருகே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நீங்கள் இறங்கி வந்தபோது விறைத்துப்போன உங்கள் விரல்கள் குழாயை விடவில்லை. அழுதுகொண்டே நான்தான் பிரித்துவிட்டேன்.

"அல்லா காப்பாத்திட்டான். இப்பப் போ," என்றீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ புயல் வந்துவிட்டது, நீங்களும் போய்விட்டீர்கள். வீட்டில் எனக்கு என்ன தலைபோகிற காரியம் இருந்தாலும், காத்திருக்கும் கடைசி ஆளின் சேதி போகும்வரை மைக்கை வைக்க முடிவதில்லை. உங்களைத் திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறேன்.