கண்ணை மறைத்த பட்டை

தம்பி,

நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். நேத்து மேடையில நல்லாத்தான் இருந்தே.

"குழந்தையையும் கூட்டிட்டு வாக்கா"ன்னு நீதானே கூப்பிட்டே? அபூர்வ நோய் பத்திப் பேசற மரபணு விஞ்ஞானி என் தம்பின்னு பக்கத்து சீட்டுல பீத்திக்கிட்டேன். ஃபியூஸ் போனாத்தான் எந்த ஒயர் எந்த விளக்குக்குன்னு தெரியும், பழுதானாத்தான் ஒரு மரபணுவோட வேலை தெரியும்னு சொன்னே. அரங்கமே சிரிச்சுது. நானும் லூசு மாதிரி சிரிச்சேன்.

திரையில அடுத்த படத்துல என் பொண்ணு! அடையாளம் தெரியக் கூடாதுன்னு கண்ணு மேல கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தே. பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமாடா? அந்த மஞ்சள் கவுனைத் தைச்சவளே நான்தான்.

அப்புறம் ஒண்ணு சொன்னே. அதை இங்க எழுத எனக்குக் கை வரல. இத்தனை வருஷம் என் சோஃபால சாஞ்சுக்கிட்டு "பாத்துக்கலாம்க்கா, பாத்துக்கலாம்"னு சொன்ன வாய், மைக்கைப் பிடிச்சு ஊருக்கே அதைச் சொல்லுது. எங்கிட்ட சொல்ல மட்டும் நாக்கு எழல, இல்ல?

வீட்டுக்கு வந்ததும் அவ கேட்டா, "அம்மா, படத்துல இருந்தது நானா?"

"இல்லடி, அது வேற யாரோ"ன்னேன்.

"பாவம்மா அந்தப் பொண்ணு. ரொம்ப நாள் இருக்க மாட்டாளாமே. மாமாகிட்ட சொல்லி எப்படியாவது காப்பாத்தச் சொல்லும்மா"ன்னா.

சொல்லிட்டேன்.

உன் அக்கா