கேட்டில் வைத்த மணி

ஜூன் 11, புதன்

காலையிலேயே அனல். கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. ஆர்டர் போட்ட கம்ப்யூட்டர் போர்டு வந்துவிட்டது. சீட்டுக்கட்டு அளவு. இதுவா கம்ப்யூட்டர்! திரை இல்லை, கீபோர்டு இல்லை, மூடிகூட இல்லை. மொட்டையாக ஒரு பச்சைத் தகடு.

வேலை இதுதான்: மாமா கேட்டைத் திறந்தால் சமையல்கட்டில் சத்தம் வர வேண்டும். மாமா என் மாமனார், ஞாபகம் தப்பிப்போய் ஒரு வருஷம். திண்டுக்கல் ரோடு இரண்டு தெரு தள்ளி. லாரிகள். போன வாரம் முக்குக் கடை வரை போய்விட்டார். பூட்டினால் கேட்டை உலுக்கி அழுகிறார். பார்க்க முடியவில்லை.

மெமரி கார்டில் சிஸ்டம் ஏற்றினேன், வீட்டுக்காரர் லேப்டாப்பில். போன் சார்ஜரைச் செருகினால் போர்டு எழும்பும், உடனே படுக்கும். பகல் முழுக்கக் கார்டைத் திட்டினேன். குற்றவாளி சார்ஜர். பவர் பத்தவில்லை.

இவர்: "அந்தத் தகடோட எம்புட்டு நேரம்தான் மல்லுக்கட்டுவ? சோறு உண்டா இல்லையா?"

உண்டு. ரசம், அப்பளம்.

ஜூன் 12, வியாழன்

வேறு சார்ஜர். எழுந்தது, நின்றது! வீடியோ பார்த்து ஒரு சின்ன விளக்கை மினுக்க வைத்தேன். நாற்பது தாண்டியவள், கை தட்டிக் குதித்தேன்.

அப்புறம் கேட்டில் காந்தம், தூணில் சுவிட்ச், வயர் ஜன்னல் வழியாக. போர்டு வாசல் அலமாரியில், பஸ்ஸர் சமையல்கட்டில். கேட் திறந்து காந்தம் விலகினால் பஸ்ஸர் கத்தும்.

மதியம் கத்தியது. ஓடினேன். மாமா கேட்டைப் பிடித்தபடி. கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி. மறுபடி. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஒரே எரிச்சல்.

"அப்படி எங்கதான் போகணும் மாமா ஒங்களுக்கு?"

சிரித்தார். தப்பிக்கப் பார்க்கிறார், பலே ஆள்.

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. மாடியில் துணி காயப்போட்டபடி பக்கத்து வீட்டிடம், "எம் மருமக கம்ப்யூட்டர் செஞ்சிருக்கா, தெரியும்ல?"

ஜூன் 13, வெள்ளி

எழுதினால்தான் மனசு அடங்கும்.

மதியம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வீடு அமைதி. அப்பாடா என்று இருந்தேன், மடச்சி. குப்பை கொட்டப் போனால் கேட் விரியத் திறந்து கிடக்கிறது. மாமா இல்லை. பஸ்ஸர் மூச்சே விடவில்லை.

அலமாரியைப் பார்த்தேன். போர்டின் நடுவில், அந்தக் கறுப்புச் சிப்பின் மேல், சொதசொதவென்று சந்தனம். அதன்மேல் குங்குமம். சந்தனத் தண்ணீர் வழிந்து கம்பிக் கால்களெல்லாம் ஈரம். போர்டு விளக்கு அணைந்து கிடந்தது.

அத்தை சொன்னார்: "வெள்ளிக்கெழமைல்லம்மா. மிக்ஸிக்கு வச்சேன், ஃப்ரிட்ஜுக்கு வச்சேன். ஒங்க மாமாவக் காக்குறதே அதுதான, அதுக்கு வைக்காம விடலாமா?"

"அய்யோ அத்தை, ஏன் தொட்டீங்க! மாமாவக் காணோம்!"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். தெருவில் இல்லை. முக்குக் கடையில் இல்லை. திண்டுக்கல் ரோட்டுக்கு அந்தப் பக்கம், இளநீர் வண்டி நிழலில் மாமா. அந்தப் பக்கம்! எப்படிக் கடந்தார்?

இளநீர்க்காரர்: "லாரிக்காரன் பிரேக் அடிச்சது ஒங்களுக்குக் கேக்கலயாம்மா? ஒரு சாண்ல நின்னுச்சு. பெரியவரு அவருபாட்டுக்கு நடந்து வாராரு."

ஒரு சாண்.

வீட்டுக்கு வந்தும் அத்தையைத் திட்ட வாய் வரவில்லை. கரண்ட் ஓடுகிற தகட்டை மூடி இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்தது நான்.

ஜூன் 14, சனி

வேறு போர்டுக்குச் சொல்லியாயிற்று. மூடியோடு. அதுவரை பூட்டுதான். இவர் திருமங்கலத்தில் இருக்கிற தன் கடைக்குப் போகவில்லை, லீவு. அத்தை அலமாரிப் பக்கமே வரவில்லை, சாப்பிடவும் இல்லை.

காலையில் மாமாவுக்கு இட்லி ஊட்டினேன். பயம் இன்னும் கோபமாகத்தான் இருந்தது.

"நேத்து எங்க கெளம்புனீங்க? லாரி ஏத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

வாயில் இருந்த இட்லியை மென்று விழுங்கினார்.

"கேட்டத் தொறந்தா நீ ஓடியாருவ தாயி. கையப் பிடிப்ப. நேத்து தொறந்து தொறந்து பாத்தேன். நீ வரல. அதான் ஒன்னயத் தேடிப் போனேன்."

நான் வீட்டுக்குள்தான் இருந்தேன்.